தக்கோலத்துல செத்த இளவரசரும் கப்பன் பார்க் பக்கத்துல இருக்குற நாய்க் கல்லும்

எங்க பாட்டி மியூசியத்த மியூசியம்னு சொன்னதே இல்ல, செத்த காலேஜ்னுதான் சொல்லும். பாட்டி பொறந்து வளந்தது மெட்ராஸ் புளியந்தோப்புல, அந்தக் காலத்துல அங்க எழும்பூர் மியூசியம்னா செத்த காலேஜ், ஜூன்னா உயிர் காலேஜ். கல்யாணம் ஆகி பெங்களூர் ஸ்ரீராம்புரம் வந்து அம்பது வருஷம் ஆன அப்புறமும் அந்த வார்த்தைய விடல, கஸ்தூர்பா ரோட்ல செவப்பா நிக்குதே கவர்மென்ட் மியூசியம், அதுவும் பாட்டிக்கு செத்த காலேஜ்தான். ரொம்ப நாள் கழிச்சுதான் எனக்கு ஒண்ணு தெரிஞ்சுது, மெட்ராஸ் மியூசியத்த 1851-ல ஆரம்பிச்ச எட்வர்ட் பால்ஃபர்ங்குற டாக்டரோட யோசனையிலதான் 1865-ல பெங்களூர் மியூசியமும் வந்துருக்கு. அப்போ பாட்டி ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சது சரிதான்.

போன சில வருஷமா நானும் என் பொண்ணும் பெங்களூர்ல இருக்குற மியூசியம் எல்லாம் ஒண்ணொண்ணா போயிட்டு வர்றோம். ஆரம்பத்துல லீவுல பிள்ளைய செல்போன்லருந்து பிரிக்கணும்னு போனதுதான், இப்போ எனக்கே ஞாயித்துக்கெழம வந்தா எங்கயாச்சும் போவணும்னு கை கால் துடிக்குது. இத ஏன் எழுதுறேன்னா, இந்த ஊர்ல மூணு தலமுறையா இருக்குற தமிழ்க் குடும்பம் நாங்க, இருந்தும் இந்த ஊரு எங்களுக்கும் ஊருன்னு மனசார தோணுனது மியூசியத்துக்குப் போக ஆரம்பிச்ச அப்புறம்தான். அது எப்படின்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

தாத்தாவோட சொந்த ஊரு அரக்கோணம் பக்கம், தக்கோலத்துக்குக் கிட்ட ஒரு சின்ன கிராமம். பின்னி மில்லுல வேல கெடச்சு ரயிலேறி வந்தவரு, அப்படியே ஸ்ரீராம்புரத்துல செட்டில் ஆயிட்டாரு. எங்க தெருவுல பாதி பேரு அப்படி வந்தவங்கதான், வேலூர், ஆம்பூர், குடியாத்தம், ஆரணி, மீதிப் பாதி கன்னடக்காரங்க, நடுவுல ரெண்டு மூணு தெலுங்குக் குடும்பம், தெரு முனையில உருது பேசுற பாய் வீடு. நான் தமிழ் மீடியத்துல படிச்சவ, கன்னடம் தண்ணி மாதிரி பேசுவேன் ஆனா படிக்கச் சொன்னா பஸ் போர்டு, கட பேரு அந்த அளவுக்குத்தான். என் பொண்ணு ஏழாவது, ஸ்கூல்ல செகண்ட் லாங்வேஜ் கன்னடம், சரளமா படிப்பா எழுதுவா. ஆனா தமிழ் பேசுவாளே தவிர ஒரு எழுத்து தெரியாது. இது எனக்கு ரொம்ப நாளாவே உறுத்திட்டு இருந்த விஷயம், உக்கார வச்சு சொல்லித்தரணும்னு நெனப்பேன், அப்புறம் ஹோம்வொர்க், டியூஷன், சமையல்னு நாளு போயிடும்.

முதல்ல போனது அந்த செவப்புக் கட்டடத்துக்குத்தான். எங்க வீட்லருந்து ஈசி, ஸ்ரீராம்புரம் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக்ல மாறி கப்பன் பார்க்ல எறங்குனா நடந்தே போயிடலாம். இந்த மியூசியம் மொதல்ல கன்டோன்மென்ட்லதான் இருந்துச்சாம், பிரிகேட் ரோடு பக்கம் மியூசியம் ரோடுன்னு ஒண்ணு இருக்கே, மியூசியமே இல்லாத ரோட்டுக்கு ஏன் அந்தப் பேருன்னு நான் சின்ன வயசுல யோசிச்சதுக்கு பதில் அதுதான். இப்போ இருக்குற கட்டடம் 1877-ல கட்டுனது, ரிச்சர்ட் சாங்கிங்குற இன்ஜினியர் டிசைன் பண்ணது. சாங்கி டேங்க்குக்கு பேரு குடுத்தவரே அவருதான்.

உள்ள என்னென்ன இருக்குன்னு முழுசா சொல்லப் போறதில்ல. ஹளேபீடு சிற்பம், மொகஞ்சதாரோ பானை, பழைய வாத்தியங்கள், காசு, ஓவியம்னு நெறய இருக்கு, எல்லாத்தையும் ஒரே நாள்ல பாக்கணும்னு ஓடாதீங்க, ஒண்ணுமே நிக்காது. நான் சொல்ல வந்தது ஒரே ஒரு கல்லு.

அதுக்குப் பேரு ஆதகூர் கல்வெட்டு. மண்டியா மாவட்டம் மத்தூர் பக்கத்துல ஆதகூர்னு ஊரு, அங்கருந்து கொண்டு வந்து வச்சது. மேல் பக்கம் ஒரு கட்டம் மாதிரி செதுக்கி அதுக்குள்ள ஒரு நாயும் காட்டுப் பன்னியும் சண்ட போடுது. சும்மா அழகுக்கு செதுக்குன மாதிரி இல்ல, ரெண்டும் ஒண்ண ஒண்ணு விடாம முட்டிக்கிட்டு நிக்குது, நாயோட ஒடம்பு முழுக்க வெறப்பா இருக்கு, பன்னி கனமா, தலய தாழ்த்தி. சுத்தி முழுக்க பழைய கன்னட எழுத்து. என் பொண்ணு ஓடிப்போய் நின்னா, கன்னடம்தானே படிச்சுடலாம்னு நெனச்சா, ஆனா ஆயிரம் வருஷத்துக்கு முந்தின கன்னடம், ஒண்ணு ரெண்டு எழுத்துக்கு மேல பிடிபடல. மொகம் வாடிப்போச்சு. நான் போறதுக்கு முன்னாடியே இதப் பத்திக் கொஞ்சம் படிச்சுட்டுப் போயிருந்ததால கதையச் சொன்னேன்.

கல்லு கி.பி. 949-50 காலத்தது. மணலேரன்னு ஒரு வீரன், இந்தப் பக்கத்த ஆண்ட கங்க வம்சத்து அரசன் இரண்டாம் பூதுகன்கிட்ட வேல பாத்தவன். ஒரு பெரிய போர்ல அவன் காட்டுன வீரத்துக்கு சந்தோஷப்பட்டு என்ன வேணும்னு கேக்குறாங்க. ஊரக் கேக்கல, பொன்னக் கேக்கல, காளின்னு ஒரு வேட்ட நாய் இருந்துச்சு, அதக் குடுங்கன்னு கேட்டு வாங்கிக்கிட்டான். அப்புறம் ஒரு நாள் கெளலெங்குற ஊரு பக்கத்து மலையில அந்தக் காளி ஒரு பெரிய காட்டுப் பன்னியோட மோதி, பன்னியும் செத்துது காளியும் செத்துது. அந்த நாய்க்குத்தான் இந்தக் கல்லு. கல்ல நட்டு, அதுக்கு நெலமும் எழுதி வச்சு, அந்த நெலத்தப் பாத்துக்குற பூசாரி இந்தக் கல்லுக்கு பூஜ பண்ணாம சாப்பிட்டா பாவம்னும் எழுதி வச்சுருக்காங்க. ஒரு நாய்க்கு!

பொண்ணு கேட்டா, "எந்தப் போரும்மா?"

இங்கதான் எனக்கு தொண்ட அடச்சுது. அந்தப் போரு நடந்த எடம் தக்கோலம். எங்க தாத்தா ஊருக்குப் பக்கத்துல இருக்குற அதே தக்கோலம். ஜலநாதீஸ்வரர் கோயிலுக்கு பாட்டி என்ன இடுப்புல தூக்கிட்டுப் போன தக்கோலம். அங்க சோழர் படையும் ராஷ்டிரகூடர் படையும் மோதுனப்போ, ராஷ்டிரகூட மூணாம் கிருஷ்ணன் பக்கம் நின்ன இந்த பூதுகன்தான் சோழ இளவரசன் ராஜாதித்தன யான மேல இருந்தபடியே கொன்னதா இந்தக் கல்லு சொல்லுது. ராஜாதித்தன் முதலாம் பராந்தகனோட பையன். நம்ம பக்கத்துல அவருக்கு யானைமேல் துஞ்சிய தேவர்னு பேரு. துஞ்சுறதுன்னா தூங்குறது, செத்தார்னு சொல்ல மனசு வராம யான மேலயே தூங்கிட்டார்னு சொல்லியிருக்காங்க பாருங்க. சென்னைக்குத் தண்ணி தர்ற வீராணம் ஏரி இருக்கே, அத வெட்டுனவரு இவருதான்னு சொல்லுவாங்க.

நான் அவரப் பத்தி தமிழ்ப் பக்கத்துலருந்து மட்டும்தான் கேட்டுருக்கேன், அதாவது தோத்த பக்கத்துலருந்து. இங்க ஜெயிச்ச பக்கத்து சாட்சி என் கண்ணு முன்னாடி நிக்குது, அதுவும் ராஜாவோட பெருமைக்காகத் தனியா எழுதுன கல்லு இல்ல, ஒரு நாய்க்கு நட்ட கல்லுல அந்தப் போரும் வந்து உக்காந்துருக்கு. ரெண்டு பக்கத்தையும் ஒட்ட வச்சுப் பாத்தாதான் அந்தப் போரு முழுசாத் தெரியுது. கொஞ்ச நேரம் பேசவே முடியல எனக்கு. தாத்தா அரக்கோணத்துல ரயிலேறி இந்த ஊருக்கு வர்றதுக்கு ஆயிரம் வருஷம் முன்னாடியே தக்கோலத்து சேதி இந்தப் பக்கம் வந்து சேந்து கல்லுல ஏறிடுச்சு.

பொண்ணு கேட்ட அடுத்த கேள்வி, "நம்ம ஆளுங்களக் கொன்னவங்க கல்லா இது?" நான் என்ன பதில் சொல்றதுன்னு கொஞ்சம் யோசிச்சேன். ஆமான்னு சொன்னேன். ஆனா அந்தப் பூதுகனோட ஆளுங்க வாழ்ந்த மண்ணுலதான் நீ பொறந்த, உனக்கு கன்னடம் சொல்லித்தர்ற மிஸ் அந்த மண்ணுதான், இப்போ இதுல நம்ம ஆளு யாரு அவங்க ஆளு யாருன்னு நீயே சொல்லுன்னேன். அவ அதுக்கு ஒண்ணும் சொல்லல, நாயையே பாத்துட்டு இருந்தா, அப்புறம் "காளி பாவம்" அப்படின்னா.

நாய்க்குக் கல்லு நடுறது அங்க மட்டும் இல்ல, நம்ம திருவண்ணாமல மாவட்டம் எடுத்தனூர்லயும் ஒரு நடுகல் இருக்கு, ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்மன் காலம், அதுல வீரன் பக்கத்துலயே அவன் நாயும் நிக்குது, நாயோட பேரு கோவிவன்னு எழுதியே வச்சுருக்காங்க. தமிழ்ல ஒரு கோவிவன், கன்னடத்துல ஒரு காளி. நாம நடுகல்லுன்னு சொல்றத அவங்க வீரகல்லுன்னு சொல்றாங்க, கல்லு ரெண்டு பேருக்கும் கல்லுதான். இத மெட்ரோல வரும்போது சொன்னேன், அவளுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு, கோவிவனும் காளியும் ஃப்ரெண்ட்ஸ்னு ஒரு படம் வரஞ்சு ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சுருக்கா.

இத எழுதும்போது 1991 டிசம்பர் ஞாபகம் வராம இருக்காது. காவிரி கலாட்டா. எனக்கு அப்போ ஒம்போது வயசு. அப்பா வேலைக்குப் போகும்போது தமிழ் பேப்பர மடிச்சு சட்டைக்குள்ள வச்சுக்குவாரு, பஸ்ல தமிழ்ல பேசாதன்னு எங்களுக்கும் சொல்லி வச்சுருந்தாரு. ரெண்டு ராத்திரி எதிர் வீட்டு கன்னடக்கார அம்மா எங்க எல்லாரையும் அவங்க வீட்டுக்குள்ள படுக்க வச்சு வாசல்ல அவங்க பையன உக்கார வச்சாங்க. ரெண்டும் நடந்தது, ரெண்டையும் மறக்க முடியாது. அதே வருஷம் அல்சூர் ஏரிக்கரையில திருவள்ளுவர் சிலைய வச்சாங்க, ஆனா தொறக்க முடியல, மூடியே கெடந்துச்சு, பதினெட்டு வருஷம். 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதி எடியூரப்பாவும் கலைஞரும் சேர்ந்து தொறந்து வச்சாங்க, நாலே நாள் கழிச்சு சென்னை அயனாவரத்துல கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையத் தொறந்தாங்க. அப்பா அன்னைக்கு அல்சூர் போய்ட்டு ராத்திரி லேட்டாதான் வந்தாரு, வந்து ஒண்ணும் பேசல, சாப்பிட்டுட்டுப் படுத்துட்டாரு. அவரு அப்படி நிம்மதியா தூங்கி நான் பாத்ததில்ல.

சரி மத்த எடத்துக்கு வர்றேன். கவர்மென்ட் மியூசியத்த ஒட்டியே வெங்கடப்பா ஆர்ட் கேலரி. கே. வெங்கடப்பா 1886-ல பொறந்தவரு, மைசூர் அரண்மனை ஓவியர், கல்கத்தா போய் அபனீந்திரநாத் தாகூர்கிட்ட படிச்சவரு, வீணையும் வாசிப்பாரு. அவரோட வாட்டர்கலர்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது ஊட்டியும் கொடைக்கானலும் வரஞ்ச படங்கதான். மல மேல மேகம் எறங்குற நேரம், மழ வரப்போற நேரம், இப்படி ஒவ்வொரு வெளிச்சத்தையும் உக்காந்து புடிச்சுருக்காரு. மைசூர்க்காரரு ஒருத்தரு நம்ம மலைங்கள இவ்ளோ பொறுமையா பாத்துருக்காரேன்னு இருந்துச்சு. நாம டூர் போனா அர மணி நேரம் நின்னு போட்டோ எடுத்துட்டு வர்றோம்.

அறிவியல், மிஷின் எல்லாம் காட்டுற விஸ்வேஸ்வரய்யா மியூசியம் பத்தி தனியா சொல்லத் தேவையில்ல, பெங்களூர்ல ஸ்கூல் படிச்ச எல்லாரும் ஒரு தடவையாச்சும் வரிசையில நின்னு உள்ள போயிருப்பாங்க. அதே கஸ்தூர்பா ரோட்ல 2023-ல புதுசா தொறந்த மேப் மியூசியம் இருக்கு, ஓவியம், போட்டோ, துணி, சினிமா சம்பந்தப்பட்டதுன்னு அறுபதாயிரத்துக்கு மேல அவங்ககிட்ட இருக்காம், காட்டுறது மாத்தி மாத்தி காட்டுவாங்க. கட்டடத்துக்கு வெளிய ஸ்டீல் தகடு, ஒவ்வொண்ணுலயும் குறுக்குக் கோடு அழுத்தி, பாத்தவொடனே ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துல ஒசரமா நிக்குமே பழைய இரும்புத் தண்ணித் தொட்டி, அது ஞாபகத்துக்கு வந்துச்சு. கேட்டா வேணும்னேதான் அப்படி பண்ணிருக்காங்களாம். தண்ணித் தொட்டிய இவ்ளோ அழகா யாரும் மதிச்சதில்லன்னு நெனச்சுக்கிட்டேன், பெங்களூர்ல தண்ணியோட அரும தெரிஞ்சவங்களுக்குப் புரியும்.

பேலஸ் ரோட்ல இருக்குற என்ஜிஎம்ஏ, அதாவது தேசிய நவீனக் கலைக்கூடம், அங்க போறதுக்கு எனக்கு வேற காரணம் இருந்துச்சு. அந்த பங்களாவோட பேரு மாணிக்கவேலு மேன்ஷன். மாணிக்கவேலு முதலியாரு, சுரங்கத் தொழில்ல, மாங்கனீஸ் குரோமியம்னு தோண்டி பெரிய ஆளா வந்தவரு. இந்தப் பேர பஸ்ல போகும்போது போர்டுல பாத்து பாத்துப் பழகிருந்தும் உள்ள போனதில்ல, பணக்காரங்க எடம், நமக்கெதுக்குன்னு ஒரு தயக்கம். 2009-லருந்து அது எல்லாரும் போற எடம். மூணரை ஏக்கர், பெரிய பெரிய மரம், பழைய பங்களாவோட புதுக் கட்டடத்தையும் சேத்து நடுவுல தண்ணி விட்டு அழகா வச்சுருக்காங்க. ராஜா ரவிவர்மா, ஜாமினி ராய், அம்ரிதா ஷெர்கில்னு பாடப் புத்தகத்துல தீப்பெட்டி சைஸ்ல பாத்தவங்களோட வேலையெல்லாம் இந்த மாதிரி எடத்துலதான் நேர்ல பாக்க முடியும். ஓவியம் புரியலன்னா பரவால்ல, ஒரு படத்து முன்னாடி அஞ்சு நிமிஷம் நின்னு பாருங்க, முதல் நிமிஷம் ஒண்ணும் தோணாது, மூணாவது நிமிஷத்துல கண்ணு தானா எங்கயோ போய் நிக்கும்.

ஒரு மனக்கொறைய சொல்லித்தான் ஆகணும், எந்த எடம்னு சொல்லல. ஒரு மியூசியத்துல நான் பொண்ணுக்கு தமிழ்ல வெளக்கிச் சொல்லிட்டு இருந்தேன், சத்தமா எல்லாம் இல்ல. அங்க வேல பாக்குறவரு வந்து இங்க பேசக்கூடாது, பாத்துட்டு போயிட்டே இருங்கன்னுட்டாரு. பக்கத்துலயே ஒரு கூட்டம் இங்கிலீஷ்ல கைடோட பேசிட்டு இருந்துச்சு, அவங்களுக்கு ஒண்ணும் சொல்லல. அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. போர்டுல இருக்குறதும் ரெண்டு வரி, கருங்கல் சிற்பம், பன்னெண்டாம் நூற்றாண்டு, அவ்ளோதான். எங்கருந்து வந்துச்சு, யாரு கும்புட்டாங்க, ஏன் ஒடஞ்சுது, ஒண்ணும் இல்ல. கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, மலையாளம், ஹிந்தி எல்லாம் பேசுற ஊரு இது, பிள்ளைங்களுக்கு அம்மா அப்பா சொல்லித்தானே தெரியணும். பேச விட்டா போதும்.

இப்போ முக்கியமான எடத்துக்கு வர்றேன், இது மியூசியமே இல்ல, தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயில். பெங்களூர்ல கல்வெட்டு தேடணும்னா பி.எல். ரைஸ்னு ஒருத்தரப் பத்தித் தெரிஞ்சுக்கணும். இதே பெங்களூர்ல 1837-ல பொறந்த வெள்ளக்காரரு, பழைய மைசூர் ராஜ்யம் முழுக்க அலஞ்சு எட்டாயிரத்துக்கு மேல கல்வெட்டு படி எடுத்து எபிகிராஃபியா கர்நாடிகான்னு வரிசையா புத்தகம் போட்டாரு. கன்னடத்துல அவர சாசன பிதாமகர்னு சொல்றாங்க. பெங்களூர் மாவட்டத்துக்கான தொகுதி 1905-ல வந்துச்சு, நெட்ல சும்மாவே கெடைக்குது. அதத் தொறந்து பாத்தா பக்கம் பக்கமா தமிழ். நான் நம்பவே இல்ல முதல்ல. 1004 வாக்குல கங்க நாட்டச் சோழர்கள் பிடிச்சாங்க, நூறு வருஷம் கழிச்சு ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் திருப்பிப் பிடிச்சான், ஆனா அப்புறமும் ஹொய்சள ராஜாக்களே இந்தப் பக்கம் தமிழ்ல கல்லு வெட்டிருக்காங்க, ஏன்னா ஜனங்க அந்த மொழியும் பேசிருக்காங்க. ராஜா எந்த ஊரு, பாஷ எந்த ஊருன்னு இன்னைக்கு நாம பிரிக்கிற மாதிரி அப்போ பிரிக்கல போல. இன்னைக்கு எலஹங்கான்னு சொல்ற எடம் அந்தக் கல்வெட்டுல இலைப்பாக்க நாடு. தொம்மலூருக்கு இன்னொரு பேரு தேசிமாணிக்கப்பட்டணம். இன்னைக்கு ஃப்ளைஓவர் மேல வண்டி நகராம நிக்குற தொம்மலூரு, தேசிமாணிக்கப்பட்டணம்!

இப்போ சில வருஷமா ஆர்வலர்கள் ஒரு கூட்டம், வேலைக்குப் போற சாதாரண ஜனங்க, ரைஸ் புத்தகத்த வச்சுக்கிட்டு எந்தக் கல்லு இன்னும் இருக்கு எது காணாமப் போச்சுன்னு ஊரு ஊராத் தேடுறாங்க. மிதிக் சொசைட்டின்னு பெங்களூர்ல ஒரு பழைய வரலாற்று ஆராய்ச்சி சங்கம், அங்க அந்தக் கல்லுங்கள 3டி ஸ்கேன் பண்ணி வைக்கிறாங்க. பாதிக் கல்லு ரோடு போடும்போதும் வீடு கட்டும்போதும் போயிடுச்சு. சில எடத்துல துணி தொவைக்குற கல்லா கெடந்துருக்கு. நெனச்சா வயிறு எரியுது.

நானும் ரைஸ் புத்தகத்துலருந்து தொம்மலூர் பக்கத்த பிரின்ட் எடுத்துக்கிட்டு ஒரு சனிக்கெழம காலையில பொண்ணோட போனேன். கொஞ்சம் படி ஏறணும். வாசக்கால் கல்லுல எழுத்து இருக்கு. தமிழ் படிச்சவதானே, போனதும் படிச்சுடலாம்னு நெனச்சேன், ஆதகூர் கல்லு முன்னாடி என் பொண்ணு நின்ன மாதிரியே நானும் நின்னேன். அது எழுநூறு வருஷத்துக்கும் மேல பழைய தமிழ். புள்ளியே கெடையாது, க்-கும் க-வும் ஒண்ணுதான், எது மெய் எது உயிர்மெய்னு நாமதான் யோசிச்சு வச்சுக்கணும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் இல்ல. அங்கங்க கிரந்த எழுத்து வேற. வார்த்தைக்கு நடுவுல எடமே விடாம ஒரே ஓட்டமா ஓடுது.

அப்புறம் மெதுவா ஒண்ணு பிடிபட்டுச்சு. ட அப்படியே இருக்கு, ஒரு கோடு எறங்கி படுத்த கோடு. ப அப்படியே இருக்கு. ம கொஞ்சம் சாஞ்ச மாதிரி. பிரின்ட்ட கல்லு பக்கத்துல புடிச்சுக்கிட்டு எழுத்து எழுத்தா கூட்டுனோம், பொண்ணுக்கு தமிழ் எழுத்தே தெரியாதே, ஆனா அவ கண்ணு கூர்மை, "அம்மா இந்த பெட்டி மாதிரி இருக்கே இதுதானே அது" அப்படின்னு என்ன விட வேகமா வடிவத்த வச்சே கண்டுபுடிக்கிறா. பெட்டின்னு அவ சொன்னது ப. அப்புறம் ட. அப்படியே ண. பட்டண. அது வரைக்கும் வந்ததும் கையப் புடிச்சுக்கிட்டு குதிக்கிறா. நான் பத்து தடவ நோட்டு வாங்கிக் குடுத்தும் கத்துக்காத எழுத்த அந்தக் கல்லு அர மணி நேரத்துல மூணு கத்துக்குடுத்துருச்சு.

நாங்க அங்கயே குனிஞ்சு நின்னுட்டு இருக்குறதப் பாத்து கோயிலுக்கு வந்த ஒரு வயசான கன்னட அம்மா நின்னாங்க. கையில பூத்தட்டு. "ஏனம்மா ஓதுத்தா இதீரா?", என்னம்மா படிக்கிறீங்கன்னு கேட்டாங்க. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள பொண்ணு கன்னடத்துல ஆரம்பிச்சுட்டா, இது ஹளே தமிழு அஜ்ஜி, அதாவது பழைய தமிழ் பாட்டி, இதுல இந்த ஊரோட பழைய பேரு இருக்கு, தேசிமாணிக்கப்பட்டணம்னு. அந்த அம்மா நாப்பது வருஷமா இந்த வாசக்கால்ல கை வச்சு கும்புட்டுட்டுத்தான் உள்ள போறாங்களாம், இது ஏதோ பூ வேலப்பாடுன்னு நெனச்சுட்டு இருந்தாங்களாம். பூத்தட்ட கீழ வச்சுட்டு, குங்குமம் ஒட்டுன வெரலால அந்த வரிய மெதுவா தடவிப் பாத்தாங்க. ப மேல வந்ததும் பொண்ணு "இது ப" அப்படின்னா. அவங்களும் "ப" அப்படின்னாங்க. "ட"ன்னா, "ட" அப்படின்னாங்க. "ண"ன்னா, "ண" அப்படின்னாங்க. வெரல இன்னும் கொஞ்சம் நகத்தி, அதுக்கு அடுத்தது ஏனு, என்ன அப்படின்னு என்னப் பாத்துக் கேட்டாங்க. கல்லு அந்த எடத்துல சுண்ணாம்பு ஏறி மங்கிப் போயிருந்துச்சு, பிரின்ட்லயும் எங்க இருக்குன்னு எனக்குப் புடிபடல. செல்போன் டார்ச்ச போட்டு பக்கவாட்டுல காட்டச் சொன்னா பொண்ணு. மூணு பேரும் குனிஞ்சோம்.